மீல்வார்ம்: வளர்ப்பது சுலபம், விற்பதுதான் கேள்வி!

கேள்வி: "ஒரகடம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். இரண்டு மாதமாக வேலை இல்லை. முக்கால் ஏக்கர் நிலமும் 20 நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. 'மீல்வார்ம்' என்ற புழுவை வீட்டிலேயே வளர்த்தால் 45 நாளில் காசு பார்க்கலாம், வளர்த்த புழுவை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். தட்டு, புழு, பயிற்சி எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? கோழிக்கும் இதையே தீவனமாகப் போடலாம் என்கிறார்களே, அது உண்மையா?"
– வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்.

பதில்: சகோதரிக்கு, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நகை பீரோவிலேயே இருக்கட்டும். மீல்வார்ம் வளர்க்க 80,000 ரூபாய் தேவையே இல்லை. ஆயிரம், ரெண்டாயிரத்துக்குள் தொடங்கிப் பார்க்கலாம். புழு பொய் இல்லை. அதைச் சுற்றிச் சொல்லப்படும் கணக்கில்தான் பொய் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

இது என்ன புழு?

பெயரில் புழு என்று இருந்தாலும் இது மண்புழு போன்றது அல்ல. ஒரு கருப்பு வண்டின் இளம் பருவம். நெல் மூட்டையிலும் மாவு டப்பாவிலும் வரும் வண்டுகளுக்கு ஒன்றுவிட்ட உறவு. உலகம் முழுக்கச் சேமிப்பு தானியங்களைத் தின்னும் பூச்சியாகத்தான் இதை முதலில் அறிந்தார்கள். பிறகு பறவைக்கும் மீனுக்கும் இரையாக வளர்க்கத் தொடங்கினார்கள்.

இதன் வாழ்க்கையில் நான்கு கட்டங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு வாரம். புழு முழு வளர்ச்சி அடைய 8 முதல் 10 வாரம். அப்போது ஒரு அங்குல நீளம் இருக்கும். பிறகு தீனி தின்னாத கூட்டுப்புழுவாக ஒன்று, ஒன்றரை வாரம். அதிலிருந்து வெள்ளையாக வெளியே வரும் வண்டு, பழுப்பாகி, சில நாட்களில் கருப்பாகும். அதன்பின் ஒன்றிரண்டு வாரம் கழித்து முட்டை வைக்கத் தொடங்கும். இரண்டு மூன்று மாதம் உயிரோடு இருந்து, ஒரு பெண் வண்டு சில நூறு முட்டைகள் வைக்கும்.

இந்த நாட்களைக் கூட்டிப் பாருங்கள். வளர்ந்த புழுவை இன்று வாங்கி வந்தால், அது கூட்டுப்புழுவாகி, வண்டாகி, முட்டை வைத்து, அந்த முட்டையிலிருந்து வரும் புழு விற்கிற அளவுக்கு வளர ஏறக்குறைய மூன்று, மூன்றரை மாதம் ஆகும். "45 நாளில் காசு" எப்படி வரும்? ஒரே வழிதான். அவர்கள் பாதி வளர்ந்த புழுவைத் தருவார்கள். 45 நாளில் நீங்கள் அவர்களிடம் திரும்பக் கொடுப்பது நீங்கள் பெருக்கிய புழு அல்ல, அவர்களிடம் வாங்கிய அதே புழு, கொஞ்சம் கொழுத்து. உங்கள் பணத்தில் ஒரு பகுதி உங்களுக்கே திரும்பி வரும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் பணம் கட்டுவார்.

கோழித் தீவனக் கணக்கு

கோழி இந்தப் புழுவைக் கண்டால் ஓடி வரும். அதில் சந்தேகமே இல்லை. காய்ந்த எடையில் பாதி அளவு புரதம், கால்வாசிக்கு மேல் கொழுப்பு. சத்தான இரைதான். ஆனால் விற்பவர்கள் சொல்லும் "50 சதவீதம் புரதம்" என்பது காய்ந்த புழுவுக்கு. உயிருள்ள புழுவில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ உயிர்ப்புழுவில் 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் புரதம் இருக்கும்.

அந்த ஒரு கிலோ புழுவை வளர்க்க, நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இரண்டு கிலோவுக்கு மேல் கோதுமைத் தவிடு செலவாகும். கேரட் போன்ற காய் தனி. அந்த இரண்டு கிலோ தவிட்டிலேயே 300 கிராம் புரதம் இருக்கிறது. கடலைப் பிண்ணாக்கு அரை கிலோ வாங்கினால் 200 கிராம் புரதம் கிடைத்துவிடும். உங்கள் ஊர்க் கடையில் இன்றைக்குத் தவிடு என்ன விலை, பிண்ணாக்கு என்ன விலை என்று கேட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். காசு கொடுத்துத் தவிடு வாங்கி, அதைப் புழுவாக்கி, அந்தப் புழுவைக் கோழிக்குப் போட்டு லாபம் பார்ப்பது நடக்காது.

இன்னொன்று. இந்தப் புழுவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இதையே முக்கியத் தீனியாகப் போட்டால் முட்டை ஓடு மெலியும், குஞ்சுக்குக் கால் வளையும். முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனியாக வைத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் கோழிக்கு எப்போது பயன்படும்? குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களில், இறகு உதிர்த்து நிற்கும் கோழிக்கு, நோயிலிருந்து தேறி வரும் கோழிக்கு. ஒரு பிடி கொடுத்தால் போதும். இது மருந்து மாதிரி, சோறு மாதிரி அல்ல.

குஞ்சுக்குப் புழு வேண்டும் என்றால் நம் பெரியவர்கள் செய்த வழியில் செலவே இல்லை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணம் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்தால் பானை முழுக்கக் கரையான். உதறிவிட்டால் குஞ்சுகள் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடும்.

பிறகு யார்தான் வாங்குகிறார்கள்?

மீல்வார்முக்கு உண்மையான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அரோவானா, ஃபிளவர்ஹார்ன் போன்ற வண்ண மீன் வளர்ப்பவர்கள், கூண்டுப் பறவை வளர்ப்பவர்கள், அவர்களுக்குப் பொருள் விற்கும் கடைக்காரர்கள். இந்த விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூரும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் உங்களுக்கு ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரம். தாம்பரம், படப்பை, ஸ்ரீபெரும்புதூர் என்று குடியிருப்புகள் பெருகிய இடங்களில் மீன் தொட்டிக் கடைகளும் வந்துவிட்டன.

ஆனால் அந்தச் சந்தையின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே புழுவை மூட்டையில் வாங்குவதில்லை. சின்ன டப்பாக்களில், 50 கிராம், 100 கிராம் என்றுதான் வாங்குகிறார்கள். ஒரு கிலோவில் ஏறக்குறைய 10,000 புழு இருக்கும். ஒரு மீனுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து புழு போதும். உங்களிடம் பேசிய நிறுவனம் உங்களைப் போல 100 பேரிடம் பணம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மாதம் 20 கிலோ உற்பத்தி செய்தால் மொத்தம் 2 டன். இரண்டு கோடிப் புழு. இத்தனையையும் மாதாமாதம் எந்த மீன் தின்னும்? அவர்களால் வாங்க முடியாது. அவர்கள் லாபம் புழு வாங்கி விற்பதில் இல்லை, புதிது புதிதாக வருபவர்களுக்கு 'விதைப் புழு' விற்பதில் இருக்கிறது. புதியவர்கள் வருவது நின்றால், வாங்குவதும் நின்றுவிடும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. 2012-ஆம் ஆண்டு ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு கோழிக் கதை பலருக்கு நினைவிருக்கும். குஞ்சும் நாங்களே தருகிறோம், தீவனமும் நாங்களே தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம் என்றார்கள். நிறுவனங்கள் மூடப்பட்டபோது, தீனியில்லாமல் பட்டியில் நின்ற பறவைகளுக்கு அரசு கால்நடைத் துறை தீவனம் போட வேண்டியிருந்தது. அந்தச் சமயம் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, "சார், போடலாமா?" என்று கேட்டார். "யோசிச்சுப் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன். "வேண்டாம்" என்று சொல்லவில்லை. அவர் மாட்டை விற்றுப் போட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் உங்களிடம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

பெரிய மூலதனம் இருந்தால் ஜெயிக்கலாமா என்றால், அதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் 2011-இல் தொடங்கிய 'இன்செக்ட்' என்ற நிறுவனம் இதே புழுவைப் பெரிய ஆலை கட்டி வளர்த்தது. பல நூறு மில்லியன் யூரோ முதலீடு. 2025-இல் திவாலாகிவிட்டது. தீவனச் சந்தையில் மீன் தூளோடும் சோயாவோடும் விலையில் போட்டி போடுவது அவ்வளவு கடினம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று: "நீங்கள் வாங்கும் புழுவை யாருக்கு விற்கிறீர்கள்? அந்தக் கடையை எனக்குக் காட்டுங்கள்."
இரண்டு: "போன வருடம் பணம் கட்டியவர்களில், நீங்கள் கூட்டி வராத ஒருவரை நானே போய்ப் பார்க்கலாமா?"
மூன்று: "முன்பணம் இல்லாமல், கால் கிலோ புழு மட்டும் விலைக்குத் தாருங்கள். வளர்த்துக் காட்டுகிறேன், அதை வாங்கிக்கொள்வீர்களா?"

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "சீட்டு இரண்டுதான் பாக்கி, இன்றைக்கே கட்டுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆசை இருந்தால், இப்படித் தொடங்குங்கள்

வளர்ப்பு முறையைத் தெரிந்துகொள்ள யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். நானே வீட்டில் ஒரு வருடம் வளர்த்தேன். முதல் கோடையிலேயே மொத்தமும் போய்விட்டது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி அறையில் வைத்திருந்தேன். கத்திரி வெயில் நாளில் சாயங்காலம் போய்ப் பார்த்தால், தட்டு முழுக்கக் கருத்துக் கிடந்தன. அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இடம்: 25 முதல் 30 டிகிரி வெப்பம்தான் இதற்குப் பிடித்தது. 35-ஐத் தாண்டினால் தொல்லை, 40-ஐத் தொட்டால் சாவு. புழு நெருக்கமாக இருந்தால் தட்டுக்குள் சூடு இன்னும் கூடும். ஷீட் கூரை வேண்டாம். ஓலை, ஓட்டு வீடு அல்லது கான்கிரீட் வீட்டின் கீழ்த்தளத்தில், வெயில் படாத மூலையில் வையுங்கள். கோடையில் தட்டில் புழுவின் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

தட்டு: உள்பக்கம் வழவழப்பான, அரை அடி உயர பிளாஸ்டிக் டப் போதும். வழுக்கும் சுவரில் இவற்றால் ஏற முடியாது. மேலே கொசுவலை கட்டினால் பல்லி வராது. எலிக்குத் தனியாகக் கவனம் வேண்டும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது.

தீனி: மூன்று விரல் உயரத்துக்குக் கோதுமைத் தவிடு. முதலில் வாணலியில் லேசாக வறுத்து ஆறவிடுங்கள். தவிட்டில் ஏற்கெனவே இருக்கும் வண்டும் செள்ளும் செத்துவிடும். நம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் அரிசித் தவிட்டை அப்படியே போடாதீர்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், சீக்கிரம் காறிவிடும், கட்டியாகும். வேண்டுமானால் நாலில் ஒரு பங்கு கலக்கலாம்.

ஈரம்: தண்ணீர் தெளிக்கவே கூடாது. கேரட், உருளைக்கிழங்குத் துண்டு, பூசணித் தோல் போதும். நன்றாகக் கழுவி, தேங்காய் ஓட்டில் வைத்துத் தட்டுக்குள் விடுங்கள். மறுநாள் மீதியை எடுத்துவிடுங்கள். பூசணம் பிடித்தால் தட்டே போய்விடும். மருந்து அடித்த காயும் அப்படித்தான். பூச்சிக்கு அடித்த மருந்து இந்தப் பூச்சியையும் கொல்லும்.

பிரித்தல்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டு தன் முட்டையையே தின்னும், புழு கூட்டுப்புழுவைக் கடித்துவிடும். அதனால் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கித் தனி டப்பில் வையுங்கள். வண்டுகளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சலித்துப் புதுத் தவிட்டுக்கு மாற்றுங்கள். பழைய தவிட்டில் முட்டை இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கொட்டிவிடாதீர்கள். அந்த டப்பில் தேதி எழுதி ஒட்டி வையுங்கள். அறுவடை எப்போது என்று அந்தத் தேதிதான் சொல்லும். அறுவடையில் பத்தில் ஒரு பங்கை அடுத்த தலைமுறைக்கு விட்டுவையுங்கள்.

எச்சம்: மாவுச் சல்லடையில் சலித்தால் மணல் போல உதிர்வதெல்லாம் புழு எச்சம். கத்திரி, மிளகாய்ச் செடிக்கு நல்ல உரம். அந்தத் தூள் சிலருக்கு மூச்சிரைப்பையும் தோல் அரிப்பையும் உண்டாக்கும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே சலியுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

கடைசியாக, இது தானியப் பூச்சி என்பதை மறக்காதீர்கள். நெல் குதிரும் அரிசி மூட்டையும் இருக்கும் அறையில் தட்டை வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு நாள் அரிசி டப்பாவில் இரண்டு வண்டு கிடந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு கிடைத்ததே பெரிய விஷயம்!

எனவே, சகோதரி, மீன் கடையில் 200 கிராம் புழு வாங்குங்கள். மூன்று டப் வையுங்கள். முதல் நான்கு மாதத்தில் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள், வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குள் வீட்டுக்காரர் ஐந்து கடையாவது ஏறி இறங்கட்டும். வாரம் எவ்வளவு வேண்டும், என்ன விலை என்று எழுதி வரட்டும். இரண்டு கடை உறுதியாகச் சொன்னால், அந்த அளவுக்கு மட்டும் வளருங்கள். கைச்செலவுக்கு வரும். குடும்பச் செலவுக்கு இதை நம்ப வேண்டாம்.

குடும்பத்துக்கு நம்பக்கூடியது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அந்த 20 கோழிகள். ஒரகடத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நாட்டுக்கோழி முட்டைக்கு நீங்கள் சந்தை தேடி அலைய வேண்டாம், சந்தை உங்கள் தெருவில் நடந்து போகிறது. காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வீட்டுக்காரரோடு ஒரு நாள் போய், நாட்டுக்கோழிப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தவறாமல் போட்டாலே உங்கள் பட்டியில் சாவு பெருமளவு குறையும். புழுவில் தேடும் லாபம் அங்கே கிடைக்கும்.

இதே விஷயத்தில் மற்ற வாசகர்கள் கேட்டவை

"மீல்வார்ம் தெர்மாகோலைத் தின்னும் என்று படித்தேன். இங்கே கம்பெனிகளில் பார்சல் தெர்மாகோல் மலையாகக் கிடக்கிறது. அதைப் போட்டு வளர்க்கலாமா?"
– கல்லூரி மாணவர், ஸ்ரீபெரும்புதூர்.

தின்னும் என்பது உண்மை. 2015-இல் அமெரிக்க, சீன ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து நிரூபித்தார்கள். ஆனால் 100 புழு சேர்ந்து ஒரு நாளைக்குத் தின்றது 34 முதல் 39 மில்லிகிராம்தான். அந்தக் கணக்கில், ஒரு கிலோ புழு ஒரு கிலோ தெர்மாகோலைத் தின்று முடிக்க ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும் தம்பி. புழுவும் அதைத் தின்று கொழுக்காது. சில வகைத் தெர்மாகோலில் தீப்பிடிக்காமலிருக்க ரசாயனம் கலந்திருப்பார்கள். கோழி, மீன் தின்னப்போகும் புழுவுக்கு அதைப் போடவே கூடாது. கல்லூரி ஆய்வுக்கு நல்ல தலைப்பு, தொழிலுக்கு அல்ல.

"கம்பெனி கேன்டீனில் மிஞ்சும் சோறு, குழம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் புழுவுக்குப் போடலாமா?"
– விவசாயி, வாலாஜாபாத்.

கூடாது. மீல்வார்ம் உலர்ந்த தீனியில் வாழ்வது. ஈரச் சோறு போட்டால் புளித்து, பூசணம் பிடித்து, எல்லாம் சாகும். ஈரக் கழிவுக்கு ஏற்றது 'கருப்புப் படைவீரன் ஈ' என்ற வேறு பூச்சியின் புழு. இரண்டு மூன்று வாரத்தில் கழிவைத் தின்று கொழுத்து, கூட்டுப்புழு ஆகும் பருவத்தில் தானே ஏறி வெளியே வந்து விழும். அந்த ஈ கடிக்காது, வீட்டுச் சோற்றில் வந்து உட்காராது. தீனிச் செலவு இல்லாததால் கோழிக்குக் கணக்கு கட்டுப்படியாகும். ஆனால் வாடை வரும். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் முதலில் வாங்குங்கள்.

"மீல்வார்முக்கும் பப்பாளியில் வரும் மாவுப்பூச்சிக்கும் சம்பந்தம் உண்டா?"
– வாசகர், உத்திரமேரூர்.

பெயரில் மட்டும்தான். மாவுப்பூச்சி செடியில் சாறு உறிஞ்சும், வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும். இந்தியாவில் பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் முதலில் கண்டறியப்பட்டது. மீல்வார்ம் செடிப் பக்கமே போகாது. கடைக்காரரிடம் 'மாவுப்பூச்சிக்கு மருந்து' கேட்கும்போது மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்!

உங்கள் கேள்விகளை எழுதுங்கள். பணம் கட்டும் முன் எழுதுங்கள். கட்டிய பின் எழுதினால் என்னால் ஆறுதல்தான் சொல்ல முடியும்.